போலார் எக்ஸ்பிரஸ் படம் வாசிகசாலையில் போட: எந்த டிஸ்க் நல்லது?

கோண்டாவில் அக்கா
மார்கழி 1, இரவு 8.12

வணக்கம். நத்தார் விடுமுறைக்கு எங்கள் ஊர் வாசிகசாலையில் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு படம் போடுவதாக இருக்கிறோம். ஆளுக்கொரு படம் சொல்லி, கடைசியில் போலார் எக்ஸ்பிரஸ் என்று முடிவாகியிருக்கிறது. என் தம்பி ஸ்காபரோவிலிருந்து இந்த மாத நடுவில் வருகிறான். டிஸ்க் ஒன்று வாங்கி வா என்றால், டிவிடியா, புளூ-ரேயா, 4கேயா, 3டியா என்று என்னையே திருப்பிக் கேட்கிறான். எனக்கு இது ஒன்றும் விளங்காது.

வாசிகசாலையில் யாரோ அன்பளிப்பாகத் தந்த புரொஜெக்டர் ஒன்று இருக்கிறது. பிளேயர் இரவல் வாங்க வேண்டும். நெட்டில் பார்க்கலாம் என்று சொல்ல வேண்டாம், மழை பெய்தால் எங்கள் பக்கத்து இணைப்பு எப்படி என்று தெரியும்தானே. பிள்ளைகள் ஐந்து வயதிலிருந்து பதினொன்று வரை. ஆங்கிலம் பெரிதாக விளங்காது. படம் வீட்டில் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள். குட்டிகள் பயப்படுவார்களா என்பதும் தெரிய வேண்டும்.


தண்டவாளம்
மார்கழி 1, இரவு 9.40

அக்கா, தம்பியிடம் சாதாரண புளூ-ரே வாங்கி வரச் சொல்லுங்கள். காரணம் சொல்கிறேன்.

டிஸ்க்குக்கு ரீஜன் என்று ஒரு பூட்டு உண்டு, ஒரு பகுதி நாடுகளுக்கென்று விற்றது மற்றப் பகுதிப் பிளேயரில் ஓடாது. கனடாவில் விற்கும் டிவிடி ரீஜன் 1. இங்கே இரவல் கிடைக்கும் பிளேயர் மலிவான சீனப் பிளேயர் என்றால் எதைப் போட்டாலும் ஓடும். பெயர் பெற்ற கம்பனிப் பிளேயர் என்றால் டிஸ்க்கை வெளியே துப்பிவிடும். 4கே டிஸ்க்குக்கு ரீஜன் பூட்டு கிடையாது, ஆனால் அதற்கென்று தனிப் பிளேயர் வேண்டும், சாதாரண புளூ-ரே பிளேயர் அதை வாசிக்காது. 2022 இல்தான் இந்தப் படம் 4கேயில் வந்தது. உங்கள் புரொஜெக்டர் 4கேயாக இருக்க வாய்ப்பில்லை, ஆகவே அந்தக் காசு வீண். புளூ-ரேக்கும் ரீஜன் உண்டு, கனடா ஏ, நாங்கள் சி. ஆனால் வார்னர் நிறுவனம் தன்னுடைய புளூ-ரேக்களைப் பெரும்பாலும் பூட்டுப் போடாமல்தான் விடுகிறது. அட்டையின் பின்பக்கம் ஒருக்கால் பார்த்து வாங்கினால் சரி.

3டி பக்கம் போகவே வேண்டாம். முதலில் வந்த 3டி பதிப்பு சிவப்பும் நீலமுமான மட்டைக் கண்ணாடி போட்டுப் பார்ப்பது. அதில் நிறமும் போய், தலையிடியும் வரும்.


வதிரிச் சந்தி
மார்கழி 1, இரவு 10.26

டிவிடிக்குக் ‘கலர்’ பிரச்சினையும் இருக்கிறது. இந்தப் படத்தின் டிவிடி அமெரிக்காவில் 2005 கார்த்திகையில் வந்தது. அந்த மார்கழியே எங்கள் பெரியம்மா குடும்பம் கனடாவிலிருந்து வந்தபோது கொண்டுவந்தார்கள். யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 வீதி திறந்திருந்த காலம், சாமான்கள் நிறைய வந்தன. எங்கள் வீட்டில் பழைய பெட்டி ரிவி. பிளேயர் டிஸ்க்கை எடுத்துக்கொண்டது, ஆனால் டிஸ்க் என்ரிஎஸ்சி (NTSC) என்ற அமெரிக்க வீடியோ முறை, ரிவிக்குத் தெரிந்தது எங்கள் பக்கத்து ‘பால்’ (PAL) முறை மட்டும்தான். படம் முழுக்கக் கறுப்பு வெள்ளை. போதாததற்கு நிமிடத்துக்கொரு தரம் கீழிருந்து மேலே உருண்டது. மாமா ரிவிக்குப் பின்னால் கையை விட்டுத் திருகாணி ஒன்றைப் பிடித்துக்கொண்டே நின்றார், கையை எடுத்தால் ரயில் கூரைக்குப் போய்விடும்.

அந்தப் படத்தில் கறுப்பு எஞ்சின், வெள்ளைப் பனி, இரவு. பாதிப் படம் வரைக்கும் அது அப்படித்தான் எடுத்திருக்கிறார்கள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். சொக்லேட் பரிமாறுகிற இடத்தில் கனடாச் சகோதரிதான், ‘இந்த இடம் எல்லாம் மஞ்சளும் சிவப்புமாய் மினுங்கும்’ என்று அழுவாரைப்போலச் சொன்னாள்.


குருநகர்ப் பெடியன்
மார்கழி 2, காலை 6.55

டிஸ்க் கதை இருக்கட்டும். நத்தார் படம் என்று சொல்லிப் பிள்ளைகளுக்குப் போடுகிறீர்கள், அதில் பாலன் இயேசு எங்கே? தொடக்கத்திலிருந்து முடிவு வரை வடதுருவம், பரிசுப் பொதி, சிவப்புச் சட்டைத் தாத்தா. ஒரு மாட்டுத்தொழுவம் கூடக் கிடையாது. எங்கள் பக்கம் வந்து பாருங்கள், இப்போதே வீட்டுக்கு வீடு வைக்கோலும் மண்ணும் சேர்த்துப் பாலன் குடில் கட்டத் தொடங்கிவிட்டார்கள். நடுச்சாமப் பூசை, கரோல், இதுதான் நத்தார். இந்தப் படத்தில் ‘நம்பு, நம்பு’ என்று ஓயாமல் சொல்கிறார்கள், எதை நம்புவது? பொம்மை தருகிற ஆளையா?

படம் பிடிக்கவில்லை என்று சொல்லவில்லை. ரயில் நன்றாக இருக்கும்.


கோண்டாவில் அக்கா
மார்கழி 2, காலை 8.20

தம்பி, நியாயமான கேள்வி. ஆனால் எங்கள் வாசிகசாலைக்கு வருகிற பிள்ளைகளில் முக்கால்வாசி சைவப் பிள்ளைகள். ‘ஏன் நத்தார் படம், நாயன்மார் கதை போடலாமே’ என்று ஒரு பெரியவர் ஏற்கெனவே கேட்டுவிட்டார். நீங்கள் பாலன் இல்லை என்கிறீர்கள், அவர் நத்தாரே வேண்டாம் என்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் இந்தப் படம் சமாளிக்கும் என்றுதான் நினைக்கிறேன்.


வாத்தியார் (ஓய்வு)
மார்கழி 2, பிற்பகல் 3.05

படத்துக்கு மூலமான புத்தகத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. கிறிஸ் வான் ஆல்ஸ்பேர்க் எழுதி வரைந்தது, 1985 இல் வந்தது, அடுத்த வருடம் கல்டிகொட் பதக்கம் பெற்றது, அமெரிக்காவில் சிறுவர் படப் புத்தகத்துக்குக் கொடுக்கும் விருது அது. முப்பத்திரண்டு பக்கம். வாய்விட்டு வாசித்தால் ஒரு தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

கதை இவ்வளவுதான். நத்தார் இரவு படுத்திருக்கும் பையனின் வீட்டு வாசலில் ரயில் வந்து நிற்கிறது. ஏறுகிறான். காடு, ஓநாய்கள், மலை தாண்டி வடதுருவம். முதற் பரிசு பெற அவனைத் தெரிவு செய்கிறார்கள், என்ன வேண்டும் என்றால் வண்டி மானின் வார்ப்பட்டையிலிருந்து ஒரு வெள்ளி மணி கேட்கிறான். சட்டைப்பையில் ஓட்டை, மணி விழுந்துவிடுகிறது. காலையில் மரத்தடியில் ஒரு சின்னப் பெட்டிக்குள் அது இருக்கிறது. பையனுக்கும் தங்கைக்கும் சத்தம் கேட்கிறது. தாய் தகப்பனுக்குக் கேட்கவில்லை, ‘உடைந்துவிட்டது’ என்கிறார் தகப்பன்.

இதை 2004 இல் ரொபேர்ட் செமெக்கிஸ் நூறு நிமிடப் படமாக இழுத்தார். இழுத்தார் என்றுதான் சொல்வேன். ரிக்கெற் காற்றில் பறப்பது, ரயில் கூரையில் இருக்கிற நாடோடி, பனி ஏரி வெடிப்பது, தண்டவாளத்தை மறித்து நிற்கும் மான் கூட்டம், இவை ஒன்றும் புத்தகத்தில் கிடையாது. ரிக்கெற் பறக்கிற காட்சி கண்ணுக்கு அழகு, ஓநாய்க்கும் கழுகுக்கும் கைமாறிக் கடைசியில் பெட்டிக்குள்ளேயே திரும்பி வரும். கதைக்கு அதனால் ஒரு அங்குலமும் நகர்வு இல்லை. வடதுருவத்துக்குப் போன பிறகு பொதி அனுப்பும் குழாய்களுக்குள் பிள்ளைகள் வழுக்கித் திரிவது இன்னும் நீளம், அந்த இடத்தில் நீங்கள் எழும்பிப் போய்ப் பலகாரம் எடுத்து வைக்கலாம்.

ஒரு சேர்க்கை மட்டும் எனக்குப் பிடித்தது. பில்லி என்ற ஏழைப் பையன். ரயில் அவன் வீட்டு வாசலிலும் நிற்கிறது, அவன் முதலில் ஏற மறுக்கிறான், ஏறிய பிறகும் கடைசிப் பெட்டியில் தனியே போய் இருக்கிறான். நத்தார் தனக்கு ஒருநாளும் சரிவரவில்லை என்பான். அந்த ஒரு பாத்திரம் இல்லாவிட்டால் இது வசதியான வீட்டுப் பிள்ளையின் கனவாக மட்டும் போயிருக்கும்.


பிக்சல் பிரியன்
மார்கழி 2, இரவு 7.31

வாத்தியார் ஐயா சொல்லாமல் விட்ட ஒன்று: அந்த முகங்கள்! எனக்கு இன்றைக்கும் அந்தப் பிள்ளைகளைப் பார்த்தால் ஒருமாதிரி இருக்கிறது. மனிதரைப்போல இருக்கிறார்கள், ஆனால் கண்ணுக்குள் ஆள் இல்லை.

முழுப் படத்தையும் நடிப்புப் பதிவு முறையில் எடுத்த முதற் படம் இதுதான். நடிகரின் உடம்பிலும் முகத்திலும் குட்டிக் குட்டிப் புள்ளிகள் ஒட்டி, சுற்றிலும் கமெரா வைத்து அசைவைப் பதிந்து, பிறகு கணினிப் பொம்மைக்கு ஏற்றினார்கள். ரொம் ஹாங்க்ஸ் ஒரே ஆள் கண்டக்டர், நாடோடி, தகப்பன், நத்தார் தாத்தா எல்லாம். அந்தப் பையனின் அசைவுகளில் பெரும்பகுதி கூட அவர்தான், குரல் மட்டும் வேறு. வளர்ந்த மனிதன் சின்னப் பையனாக நடந்தால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

கண்ணில் புள்ளி ஒட்ட முடியாதே. ஆகவே முகம் நடிகருடையது, கண் கணினியில் பிறகு அசைத்தது. இரண்டும் ஒட்டவில்லை. அதே இயக்குநர் 2007 இல் எடுத்த அடுத்த படத்தில் கண்ணைச் சுற்றி மின்முனை வைத்துப் பதிந்ததற்கு இதுதான் காரணம். செய்த உருவம் ஒன்று மனிதரை நெருங்கி நெருங்கி வந்து கடைசி அடியில் அருவருப்பாக மாறும் என்று ஜப்பான் பேராசிரியர் மசாஹிரோ மோரி 1970 இலேயே எழுதிவிட்டார், இந்தப் படம் வந்த பிறகு எல்லோரும் அவரைத் தூசு தட்டி எடுத்தார்கள்.


நிலாக்குட்டியின் அம்மா
மார்கழி 2, இரவு 8.02

பிக்சல், பிள்ளைகள் கண்ணை எல்லாம் பார்ப்பதில்லை. என் மகள் வருடாவருடம் பார்க்கிறாள், ஒருநாளும் அதைச் சொன்னதில்லை.

அக்கா கேட்ட பயக் காட்சிக்கு வருகிறேன். ஓநாய் இல்லை, பனி ஏரி இல்லை. கைவிட்ட பொம்மைகள் நிறைந்த பெட்டி ஒன்று வரும். கயிற்றில் தொங்கும் கிழட்டுப் பொம்மை திடீரென்று பையனின் முகத்துக்கு நேரே வந்து கத்தும். என் மகள் நாலு வயதில் அதற்குத்தான் கதிரைக்குப் பின்னால் ஒளித்தாள். இருட்டு மண்டபத்தில் பெரிய திரையில் இன்னும் மோசமாக இருக்கும். சின்னதுகளை முன்வரிசையில் இருத்தாதீர்கள், அந்த இடத்துக்கு முன்னமே ‘இப்ப ஒரு பொம்மை வந்து வெருட்டும், பாருங்கோ’ என்று சொல்லி வையுங்கள். சொல்லி வைத்தால் சிரிப்பார்கள்.


காங்கேசன்துறை கடைசி ஸ்ரேசன்
மார்கழி 3, காலை 5.48

நான் இந்தப் படத்தை முதலில் பார்த்தது 2006 தொடக்கத்தில், கொக்குவிலில் தெரிந்தவர் வீட்டில். நல்ல பிரிண்ட் இல்லை, தியேட்டரில் திருட்டுத்தனமாக எடுத்த விசிடி, முன்சீற்றுக்காரரின் தலை மூலையில் ஆடிக்கொண்டிருக்கும். ஆனால் படத்தை விட எனக்கு மறக்காதது அங்கே இருந்த பிள்ளைகள்.

அவர்கள் எல்லாம் 1990 க்குப் பிறகு பிறந்தவர்கள். யாழ்ப்பாணத்துக்கு ரயில் நின்றது அந்த வருடம். தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் பங்கருக்குப் போய்விட்டன, பாதை இருந்த இடத்தில் பற்றை, சில இடத்தில் வீடு, ஒழுங்கை. யாழ் ஸ்ரேசன் கூரை இல்லாமல் நின்றது. ரயில் என்பது அவர்களுக்குப் பாடப் புத்தகத்தில் உள்ள ஒரு படம்.

படத்தில் ரயில் அந்தப் பையனின் வீட்டுக்கு முன்னால் தெருவில் வந்து நிற்கும். வெளிநாட்டிலிருந்து லீவில் வந்திருந்த ஒரு பொடியன் உடனே, ‘ரோட்டில் எப்படி ட்ரெயின் வரும்?’ என்று சிரித்தான். எங்கள் பிள்ளைகளுக்கு அதில் சிரிக்க ஒன்றும் இருக்கவில்லை. ரயில் என்றால் பஸ் போல ஒழுங்கைக்குள்ளே வந்து ஆளை ஏற்றிக்கொண்டு போகும் என்றுதான் அவர்களும் நினைத்திருந்தார்கள். அவர்களுக்கு வியப்பாக இருந்தது வேறொன்று: வழியில் ஒருவரும் ரயிலை மறித்து இறக்கிச் சோதிக்கவில்லை. ஒரு பெட்டை, ‘ஐசி கேக்கிறேல்லையோ?’ என்று கேட்டாள், அடையாள அட்டையைத்தான் சொன்னாள். கண்டக்டர் ரிக்கெற் கேட்டதும், ‘இந்தா, கேக்கிறார்’ என்றாள்.

வாத்தியார் அந்த ரிக்கெற் காட்சி கதையை நகர்த்தவில்லை என்கிறார். அன்றைக்கு அந்த வீட்டில் அது தொலைந்தபோது ஒருவரும் மூச்சு விடவில்லை. துண்டு இல்லாமல் பயணம் போனால் என்ன நடக்கும் என்று அந்த வயதிலேயே தெரிந்த பிள்ளைகள்.

அந்த ஆவணியில் ஏ9 பூட்டினார்கள். பிறகு யார் எங்கே போனார்கள் என்று எனக்குத் தெரியாது.


வாத்தியார் (ஓய்வு)
மார்கழி 3, காலை 9.17

கடைசி ஸ்ரேசன், நீங்கள் சொல்வது அந்த வீட்டுக்கும் அந்த வருடத்துக்கும் சரி. கோண்டாவிலில் இன்றைக்கு இருக்கிற பிள்ளைகள் கேற்றடியில் நின்று ரயிலுக்குக் கை காட்டுகிறவர்கள். 2014 ஐப்பசியில் யாழ்தேவி ரயில் திரும்பி வந்ததற்குப் பிறகு பிறந்தவர்கள்தான் அக்காவின் பிள்ளைகள் எல்லோரும். அவர்களுக்கு அந்த இடம் நீளமாகத்தான் தெரியும்.


காங்கேசன்துறை கடைசி ஸ்ரேசன்
மார்கழி 3, காலை 9.44

அதுவும் உண்மைதான் ஐயா. போட்டுப் பார்த்துவிட்டு அக்கா சொல்லட்டும்.


தண்டவாளம்
மார்கழி 3, பிற்பகல் 1.10

என் பெயரைப் பார்த்தே தெரிந்திருக்கும், எனக்கு இந்தப் படத்தில் எஞ்சின்தான் முக்கியம். அது கற்பனை எஞ்சின் இல்லை. ‘பெரே மார்க்கெற் 1225’ (Pere Marquette) என்ற நீராவி எஞ்சின், 1941 இல் கட்டியது, இப்போதும் மிச்சிகனில் ஓவோசோ என்ற ஊரில் இருக்கிறது. வான் ஆல்ஸ்பேர்க் மிச்சிகன்காரர். அவர் சின்னப் பையனாக இருந்தபோது அந்த எஞ்சின் அங்குள்ள பல்கலைக்கழக வளவில் காட்சிக்கு நின்றது, பார்த்திருக்கிறார். இலக்கத்தைக் கவனியுங்கள், 12 ஆம் மாதம் 25! படத்துக்கு அந்த எஞ்சினின் அளவுகளைத்தான் எடுத்தார்கள், அதன் சத்தத்தையே பதிந்து சேர்த்தார்கள்.

எங்களுக்கும் கனடாவுக்கும் ரயில் சொந்தம் ஒன்று உண்டு. கொழும்புத் திட்டம் என்ற நாடுகளுக்கிடையிலான உதவித் திட்டத்தின் கீழ் 1954 இலிருந்து கனடா தந்த எம்2 டீசல் எஞ்சின்களுக்கு ஒன்டாரியோ, அல்பேர்ட்டா என்று அந்த நாட்டு மாகாணப் பெயர்கள்தான். அக்காவின் தம்பி ஒன்டாரியோவிலிருந்து ரயில் படம் கொண்டுவருகிறார், பொருத்தம்தானே.


வதிரிச் சந்தி
மார்கழி 3, பிற்பகல் 1.32

நான் சும்மா ஒன்று சொல்லட்டா? ஆங்கிலம் விளங்காத பிள்ளைகளுக்கு நூறு நிமிடம் அதிகம். ஸ்னோமேன் போடுங்கள். 1978 இல் ரேமண்ட் பிரிக்ஸ் வரைந்த சொல்லே இல்லாத படப் புத்தகம், 1982 இல் படமானது. இருபத்தாறு நிமிடம். நடுவில் ஒரு பாட்டு, மற்றப்படி யாரும் பேசுவதில்லை. ஐந்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கும்.


குருநகர்ப் பெடியன்
மார்கழி 3, பிற்பகல் 2.15

அதன் புத்தகத்திலும் நத்தார் கிடையாது, பனிமனிதன் மட்டும்தான். படத்தில்தான் தாத்தாவைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். எங்கே பார்த்தாலும் இந்தத் தாத்தா!

ஆனால் அதன் முடிவு பொல்லாத சோகம். காலையில் பனிமனிதன் உருகிவிடுவான், தொப்பியும் கழுத்துத் துணியும்தான் மிச்சம். நாற்பது பிள்ளைகளையும் அழவைத்து வீட்டுக்கு அனுப்பினால் தாய்மார் அக்காவைத்தான் தேடி வருவார்கள்.


நிலாக்குட்டியின் அம்மா
மார்கழி 3, மாலை 5.50

மொழிக்கு ஒரு வழி இருக்கிறது. புத்தகக் கதையை யாராவது முதலில் தமிழில் சொல்லிவிடுங்கள், வாத்தியார் ஐயா சொன்ன அந்த எட்டு வரி போதும். பிறகு படத்தில் பேச்சு விளங்காவிட்டாலும் எங்கே போகிறது என்று தெரியும். சொக்லேட் காட்சி, கூரைக் காட்சி, ஏரி எல்லாம் பேச்சு இல்லாமலே விளங்குகிறவை.

வாசலில் நின்று ஆளுக்கொரு மஞ்சள் ரிக்கெற் கொடுங்கள். படத்தில் கண்டக்டர் ரிக்கெற்றில் ஓட்டை ஓட்டையாகக் குத்தி எழுத்து எழுதுவார், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு சொல். நீங்கள் ஓட்டைக் குத்தியால் பிள்ளையின் பெயரின் முதல் எழுத்தைக் குத்திக் கொடுங்கள். ‘அ’ குத்துவது கொஞ்சம் கஷ்டம், ‘ப’ சுகம்.


கோண்டாவில் அக்கா
மார்கழி 3, இரவு 7.25

இந்த ரிக்கெற் யோசனை அருமை, எடுத்துக்கொள்கிறேன். கதை சொல்ல வாத்தியார் ஐயாவே வரலாமே? இணுவிலில் இருந்துதானே எழுதுகிறீர்கள், சைக்கிள் தூரம்.

தம்பிக்குப் புளூ-ரே என்று எழுதிப் போட்டாயிற்று. பிளேயர் கொக்குவிலில் ஒரு வீட்டில் இருக்கிறதாம், பார்த்துவிட்டுச் சொல்கிறேன். சத்தத்துக்கு என்ன செய்வது? புரொஜெக்டரில் உள்ள ஸ்பீக்கர் நுளம்பு பாடுவது போல.


வாத்தியார் (ஓய்வு)
மார்கழி 3, இரவு 7.58

வருகிறேன். ஆனால் வடதுருவக் குழாய்க் காட்சியில் எழும்பித் தேத்தண்ணி குடிக்கப் போவேன், யாரும் குறைநினைக்கக் கூடாது.


பிக்சல் பிரியன்
மார்கழி 3, இரவு 8.30

முகத்தைத் திட்டினேன், சத்தத்தைத் திட்டவே மாட்டேன். இந்தப் படத்துக்குக் கிடைத்த மூன்று ஒஸ்கார் பரிந்துரையில் இரண்டு ஒலிக்கு, மற்றது பாட்டுக்கு. ரயில் வீட்டு வாசலுக்கு வரும்போது முதலில் படம் இல்லை, சத்தம்தான் வரும், அலுமாரிச் சாமான் எல்லாம் அதிரும். அதை நுளம்பு ஸ்பீக்கரில் போட்டால் பாவம். கோயில் ஒலிபெருக்கிக்காரரிடம் ஒரு பெட்டி ஸ்பீக்கர் வாடகைக்கு எடுங்கள், குழாய் ஸ்பீக்கர் வேண்டாம். பிளேயரின் ஒலி அமைப்பில் ‘ஸ்ரீரியோ’ என்று மாற்றி வையுங்கள், இல்லாவிட்டால் பேச்சு அடங்கிப் பின்னணி இசை மட்டும் இடிக்கும்.


தண்டவாளம்
மார்கழி 3, இரவு 8.41

இன்னொன்று அக்கா. டிஸ்க் தொடங்கும்போது வீட்டுப் பாவனைக்கு மட்டும் என்று எச்சரிக்கை வரும். வாசிகசாலையில் காசு வாங்காவிட்டாலும் அது பொதுக் காட்சிதான். யாரும் வந்து கேட்கப் போவதில்லை, ஆனால் நோட்டீஸ் அடித்து மதிலில் ஒட்டாமல் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டால் போதும்.


கோண்டாவில் அக்கா
மார்கழி 4, காலை 6.30

நோட்டீஸ் இல்லை, சரி. ஒலிபெருக்கிக்காரரிடம் கேட்டேன். திருவெம்பாவை தொடங்கினால் பெட்டி எல்லாம் கோயில்களுக்குப் போய்விடுமாம், அதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை தரலாம் என்கிறார். குருநகர்த் தம்பி, நீங்கள் கட்டுகிற பாலன் குடிலில் சின்னதாக ஒன்று செய்து தர முடியுமா? வாசலில் ரிக்கெற் மேசைக்குப் பக்கத்தில் வைக்கலாம்.


குருநகர்ப் பெடியன்
மார்கழி 4, காலை 7.05

செய்து தரலாம் அக்கா. வைக்கோல் நீங்கள் பாருங்கள், இந்த மழையில் எங்கள் பக்கம் எல்லாம் நனைந்து கிடக்கிறது. மாடு இரண்டு போதுமா, ஒட்டகமும் வேண்டுமா?